விஸ்கான்சின் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்: வாரியத்தை யார் கையில் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தொழில் முதலீட்டை இழுத்துவர ஓர் அமைப்பு உண்டு. அதன் வாரியத்தில் யார் உட்காருவது, தலைமை அதிகாரியை யார் நியமிப்பது என்பதைச் சட்டம்தான் முடிவு செய்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் இந்தச் சட்டம் 2011, 2015, 2018 என்று ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை எழுதப்பட்டது, திருத்தப்பட்டது. மூன்றாவது திருத்தம் உலகச் செய்தியாகவே ஆனது. அதை ஒட்டி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இந்தக் கழகத்தின் வேலை என்ன?

தொழில் தொடங்க வரும் நிறுவனங்களுக்கு வரிச் சலுகை, மானியம், கடன் கொடுப்பது. பதிலுக்கு 'இத்தனை வேலை, இவ்வளவு முதலீடு' என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. பிறகு அந்த வேலைகள் உண்மையிலேயே வந்தனவா என்று சரிபார்ப்பது. மூன்றாவது வேலைதான் எல்லா மாநிலங்களிலும் சொதப்புகிற இடம்.

2011-க்கு முன்பு இதை வணிகத் துறை என்ற சாதாரண அரசுத் துறை செய்துவந்தது. அந்த ஆண்டு ஆளுநராகப் பதவியேற்ற ஸ்காட் வாக்கர், இரண்டரை லட்சம் தனியார் வேலைகள் உருவாகும் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தவர். அரசுத் துறை மெதுவாக நகர்கிறது, தனியார் நிறுவனம் மாதிரி ஓடும் ஒன்று வேண்டும் என்றார். வணிகத் துறை கலைக்கப்பட்டு அதே ஆண்டு ஜூலையில் கழகம் செயல்படத் தொடங்கியது. பணம் அரசினுடையது. ஆனால் ஊழியர்கள் அரசுப் பணி விதிகளுக்குள் வரமாட்டார்கள். பொது ஆவணச் சட்டமும் திறந்த கூட்டச் சட்டமும் மட்டும் தொடர்ந்து பொருந்தும்.

ஆளுநர் என்றால் நம் ஊர் ஆளுநர் மாதிரியா?

இல்லை. அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதல்வர் இடத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே ஒரு வேறுபாடு: அவர் கட்சிக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இந்தக் கதையின் சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் சட்டத்தில் வாரியம் எப்படி அமைக்கப்பட்டது?

ஆளுநரே தலைவர். அவர் முன்மொழிந்து செனட் (சட்டமன்றத்தின் மேலவை) ஒப்புதல் தரும் ஆறு பேர். அசெம்பிளி (கீழவை) சபாநாயகர் நியமிக்கும் மூன்று பேர், செனட் பெரும்பான்மைத் தலைவர் நியமிக்கும் மூன்று பேர். இந்த மூன்று மூன்று பேரில் ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர், எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர், தனியார் துறையிலிருந்து ஒருவர் இருப்பார்கள். நிர்வாகத் துறைச் செயலரும் வருவாய்த் துறைச் செயலரும் வாக்குரிமை இல்லாமல் உட்காருவார்கள்.

தலைமைச் செயல் அதிகாரியை ஆளுநர் முன்மொழிவார், செனட் ஒப்புக்கொள்ளும். ஆளுநர் விரும்பும்வரை அதிகாரி பதவியில் இருக்கலாம்.

ஆக, ஆளுநர் வாரியத் தலைவர், அதிகாரியும் அவருடைய ஆள், சரிபாதி உறுப்பினர்களும் அவர் தேர்வு. செனட்டும் அசெம்பிளியும் அப்போது அவருடைய குடியரசுக் கட்சியிடமே இருந்தன. எதிர்த்தரப்பின் இரண்டு பேரைத் தவிர, வாக்கரைத் தட்டிக் கேட்க அந்த மேசையைச் சுற்றி யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அப்படியானால் 2015-இல் ஆளுநர் ஏன் வாரியத்தை விட்டு வெளியேறினார்?

கணக்கு வெளியே வந்ததால். சட்டமன்றத்தின் கீழ் இயங்கும் தணிக்கை அலுவலகம், கழகத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. எழுதியவர்களுக்கு அதற்காக ஒரு கும்பிடு போடலாம். அதற்கு முன்னரே, 2012-இல், தவணை தவறிய கடன்களைக் கழகம் கண்காணிக்கவே இல்லை என்பது வெளியாகியிருந்தது. 2013 தணிக்கை, தகுதி இல்லாதவர்களுக்கும் பணம் போயிருப்பதைக் காட்டியது. 2015 மே மாத அறிக்கை இன்னும் மோசம். ஒப்பந்தப்படி வேலைகள் உருவானதற்குச் சம்பளப் பட்டியல் போன்ற ஆதாரத்தைக் கேட்கிற பழக்கமே கழகத்தில் இல்லை என்றது. நிறுவனம் 'நூறு பேரைச் சேர்த்துவிட்டோம்' என்று எழுதிக் கொடுத்தால் கோப்பில் நூறு என்று ஏறிவிடும்.

அதே மாதம் இன்னொன்றும் வெடித்தது. ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 2011-இல் 5 லட்சம் டாலர் கடன், ஈடு எதுவும் இல்லாமல் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் உரிமையாளர் முந்தைய ஆண்டு வாக்கரின் தேர்தல் நிதிக்கு நன்கொடை கொடுத்தவர். சொன்ன வேலைகள் வரவில்லை, கடனும் திரும்பவில்லை.

வாக்கர் அந்த நேரத்தில் ஜனாதிபதி வேட்பாளர் ஆகத் தயாராகிக்கொண்டிருந்தார். கழகத்தை மாநில வீட்டுவசதிக் கடன் அமைப்போடு இணைக்கலாம் என்று பிப்ரவரியில் ஒரு யோசனை வைத்து, தணிக்கைக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார். கடைசியில் பட்ஜெட் சட்டத்துக்குள்ளேயே ஆளுநரை வாரியத்திலிருந்து எடுக்கும் திருத்தம் வந்தது. சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர்களில் ஒருவரை வாரியமே தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று ஆனது. ஜூலை 12 அன்று அந்த பட்ஜெட்டில் கையெழுத்திட்டார், மறுநாள் தன் வேட்புமனு அறிவிப்பை வெளியிட்டார். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

வாரியத்திலிருந்து விலகியதால் ஆளுநரின் பிடி போய்விட்டதா?

துளியும் இல்லை. ஆறு உறுப்பினர்களும் தலைமை அதிகாரியும் இன்னும் அவர் தேர்வுதான். நாற்காலி ஒன்று குறைந்தது, அவ்வளவே. பத்திரிகைகள் இதைப் பெரிய சீர்திருத்தமாக எழுதியதை அப்போதே நம்பியிருக்கத் தேவையில்லை.

2018 டிசம்பரில் என்ன நடந்தது?

நவம்பர் 6 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ் சுமார் 29,000 வாக்குகள் வித்தியாசத்தில் வாக்கரைத் தோற்கடித்தார். ஜனவரி 7 அன்று பதவியேற்க வேண்டும். சட்டமன்றம் மட்டும் குடியரசுக் கட்சியிடமே இருந்தது. சபாநாயகர் ராபின் வோஸும் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டும், புதியவர் வருவதற்கு முன்பே அவையைக் கூட்டினார்கள். குடிபோகிறவர் பூட்டை மாற்றிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவது மாதிரியான வேலை.

வெள்ளிக்கிழமை மாலை மசோதாக்கள் வெளியாயின. திங்கட்கிழமை அவற்றின் மீது கருத்துக்கேட்பு. செவ்வாய்க்கிழமை மேடிசன் நகரத்துச் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்குக் கீழே பண்டிகை மரத்துக்கு விளக்கேற்றும் விழா. வாக்கர் பேச எழுந்ததும் கூடியிருந்த போராட்டக்காரர்கள் கூச்சலிட்டார்கள், பாட வந்த பள்ளிப் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இரவெல்லாம் விவாதம் நடந்து புதன் காலையில் செனட்டில் 17-16, அசெம்பிளியில் 56-27 என்று நிறைவேறியது. டிசம்பர் 14 அன்று வாக்கர் கையெழுத்திட்டார்.

கழகம் பற்றிய பிரிவுகள் 2017 விஸ்கான்சின் சட்டம் 369-இல் இருக்கின்றன. நிறைவேறியது 2018-இல், பெயரில் 2017 ஏன் என்று கேட்பீர்கள். அங்கே சட்டங்களுக்கு அவை தொடங்கிய ஆண்டை ஒட்டி எண் போடுவார்கள். அந்தச் சட்டம் கழகத்துக்குச் செய்தது இதுதான்: வாரியத்தில் சட்டமன்றத் தலைவர்கள் நியமிக்கும் இடங்களைக் கூட்டியது. தலைமைச் செயல் அதிகாரியை நியமிக்கும் உரிமையை ஆளுநரிடமிருந்து எடுத்து, 2019 செப்டம்பர் 1 வரை வாரியத்திடம் கொடுத்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பழையபடி ஆளுநர் முன்மொழிவு, செனட் ஒப்புதல்.

இந்தச் சட்டத்தில் கழகம் ஒரு சிறு பகுதிதான். முன்கூட்டிய வாக்களிப்பு, மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அதிகாரம் என்று வேறு பலவற்றிலும் கை வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 1 என்ற தேதி எங்கிருந்து முளைத்தது?

சட்டத்தில் காரணம் எழுதவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல் இருந்தது: ஃபாக்ஸ்கான், தைவானின் மின்னணுப் பொருள் தயாரிப்பு நிறுவனம். வாக்கர் அமர்த்திய மார்க் ஹோகன் 2015 முதல் கழகத்தின் தலைமை அதிகாரி. ஃபாக்ஸ்கான் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர்களில் அவர் முக்கியமானவர். எவர்ஸோ தேர்தலின்போதே கழகத்தைக் கலைத்துவிட வேண்டும் என்றவர், ஃபாக்ஸ்கான் ஒப்பந்தத்தையும் கடுமையாக விமர்சித்தவர். புதிய ஆளுநர் வந்த அன்றே ஹோகனை மாற்றிவிடக் கூடாது என்பதுதான் அந்த எட்டு மாதத் தடையின் பொருள்.

குடியரசுக் கட்சித் தலைவர்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சட்டமன்றமும் ஆட்சியும் சம பலத்தோடு இருக்க வேண்டும், பல்லாண்டுகளாக ஆளுநர் பக்கம் சாய்ந்துவிட்டதைச் சரிசெய்கிறோம் என்றார்கள். கோட்பாடாகத் தப்பில்லை. வாக்கர் ஆண்ட எட்டு ஆண்டுகளில் அந்தச் சாய்வு அவர்கள் கண்ணில் படவில்லை என்பதுதான் இடிக்கிறது.

ஃபாக்ஸ்கான் ஒப்பந்தத்தில் அப்படி என்ன இருந்தது?

2017 செப்டம்பரில் சட்டம் 58 வந்தது, நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரசீன் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரில் 1,000 கோடி டாலர் முதலீட்டில் பிரமாண்டமான எல்.சி.டி. திரைத் தொழிற்சாலை, 13,000 வேலைகள். பதிலுக்கு மாநிலம் 285 கோடி டாலர் வரை வரிச் சலுகை தரும். கொடுக்கும் சம்பளத்தில் 17 சதவீதம், மூலதனச் செலவில் 15 சதவீதம் என்று கணக்கு.

வரிச் சலுகை என்றால் 'கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள்' என்றுதான் நினைப்போம். விஸ்கான்சினில் உற்பத்தித் தொழிலுக்கு ஏற்கெனவே மாநில வரி ஏறக்குறைய இல்லை. கழிக்க வரியே இல்லாத இடத்தில் இந்தச் சலுகை காசோலையாகத்தான் போகும். அதாவது மாநிலக் கருவூலத்திலிருந்து நேரடிப் பணம். போட்ட பணம் திரும்ப வர 2042-43 நிதியாண்டு ஆகும் என்று சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே கணக்குப் போட்டிருந்தது.

2018 ஜூனில் அடிக்கல் விழாவுக்கு டிரம்ப் வந்தார், உலகின் எட்டாவது அதிசயம் என்று புகழ்ந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச எண்கள் இருந்தன: 2018 முடிவில் 260 வேலை, 2019 முடிவில் 520. முதல் ஆண்டே எட்டவில்லை.

இந்தச் சட்டத்தை எதிர்த்து யாரும் நீதிமன்றம் போகவில்லையா?

போனார்கள். மகளிர் வாக்காளர் கழகம் உள்ளிட்ட அமைப்புகள், சட்டமன்றம் தன்னைத்தானே இப்படிக் கூட்டிக்கொள்ள அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று வழக்குப் போட்டன. 2019 மார்ச் 21 அன்று டேன் கவுன்டி நீதிபதி அந்தக் கூட்டத்தொடரின் சட்டங்கள் எல்லாமே செல்லாது என்றார். அதே கூட்டத்தொடரில் செனட் அவசரமாக ஒப்புதல் கொடுத்த வாக்கரின் 82 நியமனங்களை எவர்ஸ் மறுநாளே ரத்து செய்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை போட்டது. ஜூன் 21 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் கூட்டத்தொடர் செல்லும் என்றது. ஆக, கழகம் பற்றிய பிரிவுகள் பிழைத்துக்கொண்டன.

எவர்ஸ் சொன்னபடி கழகத்தைக் கலைத்தாரா?

இல்லை. கலைக்கச் சட்டம் வேண்டும், சட்டமன்றம் அவர் கையில் இல்லை. செப்டம்பர் வரை காத்திருந்து, இயற்கை வேளாண் கூட்டுறவு நிறுவனமான ஆர்கானிக் வேலியில் பணியாற்றிய மிஸ்ஸி ஹியூஸைத் தலைமை அதிகாரியாகக் கொண்டுவந்தார். அவர் அக்டோபரில் பொறுப்பேற்றார். அப்புறம் கலைப்புப் பேச்சே எழவில்லை. அதிகாரி தன் ஆளாக ஆனதும் அமைப்பு பிடித்துப்போவது எந்தக் கட்சிக்கும் பொதுவானது.

சரி, வாரியத்தை மாற்றியது ஃபாக்ஸ்கான் விஷயத்தில் பலன் தந்ததா?

என் கணிப்பில், கொஞ்சம் நேரத்தைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். விஷயம் தீர்ந்தது வாரிய மேசையில் இல்லை, ஒப்பந்தத்தின் வரிகளில்.

2019-க்கான சலுகையை ஃபாக்ஸ்கான் கேட்டபோது, தன்னிடம் தகுதியான ஊழியர்கள் 550 பேர் இருப்பதாகச் சொன்னது. கழகம் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகச் சரிபார்த்தது. தகுதி பெற்றவர்கள் 281 பேர். 520 என்ற வாசலுக்குப் பாதி தூரத்தைச் சற்றே தாண்டிய எண். இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது 'தலைமுறை 10.5' எனப்படும் மிகப் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கையாளும் ஆலை. கட்டப்பட்டதோ வேறு. 'நீங்கள் கட்டுவது நாம் ஒப்புக்கொண்ட திட்டமே அல்ல' என்று மாநிலம் எழுதியது. 2020 அக்டோபரில் சலுகை மறுக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டது: 8 கோடி டாலர் சலுகை, 1,454 வேலை, 67.2 கோடி டாலர் முதலீடு.

2015-இல் சம்பளப் பட்டியலைக் கேட்கத் தெரியாமல் இருந்த அதே அமைப்பு, ஐந்து ஆண்டு கழித்து ஆள் ஆளாக எண்ணியது. இடையில் தணிக்கை அலுவலகம் விடாமல் குத்திக்கொண்டிருந்தது, ஒப்பந்தத்தில் ஆண்டு வாரியான இலக்குகள் எழுதப்பட்டிருந்தன. இலக்குகளை எழுதிய தரப்பில் ஹோகனும் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். குடியரசுக் கட்சி காப்பாற்ற நினைத்த அதே ஒப்பந்தம்தான் எவர்ஸ் அரசுக்கு ஆயுதமாக உதவியது.

செனட் ஒப்புதல் என்பது வெறும் சடங்குதானே?

அப்படித்தான் இருந்தது, 2019 நவம்பர் 5 வரை. எவர்ஸ் நியமித்த வேளாண் துறைச் செயலர் பிராட் பாஃப், பத்து மாதமாக ஒப்புதல் இல்லாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விவசாயிகளுக்கான மனநல உதவி நிதியைச் சட்டமன்றம் விடுவிக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகக் குறை சொன்னார். செனட் கூடி 19-14 என்று அவரை நிராகரித்தது, அன்றோடு அவர் வேலை போயிற்று. ஆகவே சட்டத்தில் 'செனட் ஒப்புதலுடன்' என்று பார்த்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மற்ற மாநிலங்களில் எப்படி?

ஒஹாயோ ஒரு முனைக்கே போனது. 2011-இல் ஜாப்ஸ்ஒஹாயோ என்ற தனியார் இலாப நோக்கற்ற நிறுவனத்தை உருவாக்கி, மாநில மதுபான விற்பனையின் இலாபத்தை அதற்கு வருமானமாக ஒதுக்கியது. மாநிலத் தணிக்கையாளர் அதன் கணக்கைக் கேட்டபோது, 2013-இல் அவர் பார்க்கக் கூடாது என்றே சட்டம் போட்டார்கள். தணிக்கையாளரும் சட்டம் போட்டவர்களும் ஒரே கட்சி.

ஃபுளோரிடாவில் ஆளுநரே வாரியத் தலைவராக இருந்த என்டர்பிரைஸ் ஃபுளோரிடா 1996-இல் தொடங்கியது. 2017-இல் அதை ஒழிக்க ஆளுங்கட்சிக்குள்ளேயே பெரும் சண்டை நடந்தது. 2023-இல் சட்டமியற்றிக் கலைத்துவிட்டு, வேலையை மறுபடி அரசின் வணிகத் துறைக்கே கொடுத்தார்கள். விஸ்கான்சின் 2011-இல் எங்கிருந்து கிளம்பியதோ அங்கே ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் சிப்காட், டிட்கோ வாரியங்களுக்கு இப்படிச் சண்டை வருமா?

இதே வடிவில் வராது. 1965-இல் தொடங்கிய டிட்கோவும் 1971-இல் தொடங்கிய சிப்காட்டும் நிறுவனச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசு நிறுவனங்கள். இயக்குநர்களை அரசு தன் ஆணையால் நியமிக்கிறது, நிர்வாக இயக்குநர் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஆட்சி மாறினால் ஒரு மாற்றல் உத்தரவு போதும், மசோதா தேவையில்லை. சட்டமன்றத்துக்கு இருப்பது பொது நிறுவனங்கள் குழுவும் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையும்தான். ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறது என்பதால் இரண்டு ஊரையும் ஒப்பிட ஆசை வரும். ஆனால் இங்கே சலுகைகளின் பேரம் நடப்பது தொழில்துறையிலும் அமைச்சரவையிலும், சிப்காட் வாரியத்தில் அல்ல.

இப்படி ஒரு மசோதா வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

உறுப்பினர் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். முதலில் தலைமை அதிகாரியை யார் நீக்கலாம் என்ற வரியைத் தேடுங்கள். நியமிப்பவர் ஒருவர், நீக்குபவர் வேறொருவர் என்றால் அங்கேதான் சண்டை வரும். அடுத்தது தணிக்கை: யார் செய்வது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, அறிக்கை யாரிடம் போகும். பிறகு எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பார்த்து, பக்கத்தில் தேர்தல் நாட்காட்டியை வையுங்கள்.

மவுண்ட் பிளசன்ட் இடம் இப்போது எப்படி இருக்கிறது?

ஃபாக்ஸ்கான் கட்டிய கட்டடங்கள் நிற்கின்றன. அதற்காக ஊராட்சியும் கவுன்டியும் கடன் வாங்கி, வீடுகளையும் விளைநிலங்களையும் கையகப்படுத்திச் சாலையும் குடிநீர்க் குழாயும் போட்டிருந்தன. அந்த முடிவுகள் எதுவும் கழக வாரியத்துக்கு வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 2023-இல் மைக்ரோசாஃப்ட் அங்கே 315 ஏக்கரை 5 கோடி டாலருக்கு வாங்கியது, மறு ஆண்டு மே மாதம் 330 கோடி டாலரில் தரவு மையம் கட்டப்போவதாக அறிவித்தது.